கிணற்றடிக் கல்லிலிருந்து நேர் வடக்கே

போன செவ்வாய்க்கிழமை அடையாறு பூங்காவில் நம் நடைக் கூட்டத்தில் நடந்ததை நீங்கள் எல்லாரும் மறந்திருப்பீர்கள். புது ஃப்ளாட் வாங்கிய நம் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “இதுல ரெண்டு வடக்கு காட்டுதுங்க. செட்டிங்ஸ்ல ஒரு பட்டனைத் தட்டினா முள்ளு கொஞ்சம் தள்ளிப் போகுது. எந்த வடக்கை நம்பி பூஜை ரூம் வைக்கிறது?” என்று கேட்டார். ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள். ஒருத்தர் போனையே மாற்றச் சொன்னார். வாயாடி என்று பெயரெடுத்த நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சுகர் இறங்கிவிட்டதோ என்று பயந்து என் கையில் ஒரு மிட்டாயைக்கூடத் திணித்தீர்கள். சுகர் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. எனக்கு ஒரு பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த மேனேஜருக்கு அன்று சொல்லாத பதிலை இப்போது சொல்லிவிடுகிறேன். பூமி எந்த அச்சில் சுற்றுகிறதோ அதன் முனை ஒரு இடம். பூமிக்குள் இருக்கும் காந்தத்தின் முனை வேறு இடம். காம்பஸ் முள்ளுக்குக் காந்தம்தான் தெரியும், அச்சு தெரியாது. அதனால் முள் காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஊருக்கு ஊர் கொஞ்சம் விலகி நிற்கும். சில ஊர்களில் அந்த விலகல் பெரிது. நம் சென்னையில் சின்னது. என் சின்ன வயதில் மேற்குப் பக்கமாக இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் கூட, இப்போது அதைவிடக் குறைவு. ஒரு சாண் கோட்டில் இது கண்ணுக்கே தெரியாது. நூறடி போனால் கிட்டத்தட்ட நாலடி ஆகிவிடும்.

மேனேஜர் பூஜை ரூமை எங்கே வேண்டுமானாலும் வைக்கட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது. எங்கள் வீட்டில் அந்த நாலடி என்ன செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு மந்தைவெளியில் இருந்தது. தெற்குப் பார்த்த வாசல், பின்னால் நூறடிக்குத் தோட்டம். தோட்டத்தின் இந்த முனையில் கிணறு, அந்த முனையில் பின்மதில். மதிலில் ஒரு சின்ன மரக்கதவு. கிழக்கிலிருந்து வரும் ஒரு முட்டுச்சந்து அந்தக் கதவோடு முடிந்துவிடும். கதவுக்கு மேற்கே சந்தும் கிடையாது, வழியும் கிடையாது, யாரோ ஒருவரின் கிடங்குச் சுவர்தான்.

வீட்டில் இரண்டு குடும்பம். மேற்குப் பக்கம் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய ஒரே மகள். கிழக்குப் பக்கம் அப்பா, அம்மா, நான். பெரியப்பா மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் வேறு பெயர்கள் வைத்திருந்தேன், அவை எழுதத் தகுந்தவை அல்ல.

அக்காவைப் பற்றி என்ன சொல்ல? பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். எனக்கு எலிவால். கோலம் போட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கணக்கைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்பா கிண்டிப் பக்கம் ஒரு ஆபீசில் நிலப்படம் வரைகிறவர். சாயங்காலம் வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் நாங்கள் இருவரும் கணக்கு நோட்டை நீட்ட வேண்டும். என் நோட்டை அப்பா பார்ப்பார். அவள் நோட்டைப் படிப்பார். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அது என் நோட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. “எப்படிம்மா உனக்கு இந்த வழி தோணுச்சு?” என்று அவளைக் கேட்பார். என்னிடம், “அக்காவைப் பார்த்துக் கத்துக்கோ கண்ணு” என்பார். பெற்ற அப்பா! எனக்கு அடிவயிறு காந்தும்.

நான் ஏழாவது முடித்த வருஷம் தை மாதத்தில் தாத்தா போய்விட்டார். அந்தக் கோடை விடுமுறையில்தான் மாமா வந்தார். மாமா கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். வரும்போதெல்லாம் எல்லாருக்கும் பொதுவாக ஏதாவது கொண்டுவருவார். அந்த முறை எனக்கென்று தனியாக ஒன்று கொண்டுவந்தார். ஜாமெட்ரி பாக்ஸில் வட்டம் போட வைத்திருப்போமே அந்தக் காம்பஸ் இல்லை, திசை காட்டும் காம்பஸ். பித்தளை, உள்ளங்கை அகலம். மூடியைத் திறந்தால் கண்ணாடிக்கு அடியில் முள் நடுங்கி நடுங்கி ஒரு பக்கம் போய் நிற்கும். மெஷின் எண்ணெய் வாசனை அடிக்கும். அதை முகர்ந்துகொண்டேதான் தூங்குவேன்.

அக்கா கேட்டாள். “ஒரு தடவை குடுடி, பார்த்துட்டுத் தரேன்.”

“வேற ஆளு தொட்டா முள்ளு கெட்டுப் போயிடும்னு மாமா சொல்லியிருக்காரு” என்றேன். மாமா அப்படி எதுவும் சொல்லவில்லை.

தினம் கேட்டாள். தினம் மாட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வாரம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஏழாம் நாள் அவள் கேட்கவில்லை. கெஞ்சுவாள் என்று காத்திருந்த எனக்குச் சப்பென்று போய்விட்டது.

அவள் மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். வடாம் காய்கிற காலம். காக்கா விரட்ட யாராவது ஒருத்தர் நாள் முழுக்க மாடியில் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் கிடைக்காது. தரை ஓடு காலைப் பொசுக்கும், நனைத்த சாக்கைப் போட்டுக்கொண்டு அதன்மேல் நிற்க வேண்டும். அக்கா தானாகப் போய், “நான் பார்த்துக்கிறேன்” என்றாள். ஒரு பூந்தொட்டியில் மண்ணை நிரப்பி அதில் கொடிக்கம்பை நட்டாள். கம்பு நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். அவளுடைய பள்ளிப் புத்தகத்தில் இரண்டு வரியும் ஒரு படமும் இருந்ததாம்: நிழலை வைத்துத் திசை காண்பது எப்படி.

முதல் நாள் உச்சிப் பொழுதில் நான் மேலே போய்ப் பார்த்தேன். மே மாதத்தில் நம் ஊரில் மத்தியானச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். நிழல் ஒரு முழம்கூட இல்லாமல் தெற்கே குட்டையாகக் கிடந்தது.

“வடக்கு தேடறேன்னு சொல்லிட்டு நிழல் தெக்கால விழுதே!” என்று கைகொட்டிச் சிரித்தேன்.

“விழட்டும். வடக்கும் தெக்கும் ஒரே கோட்டுலதானே இருக்கு” என்றாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

குட்டை நிழலை வைத்துச் சரியாகக் கோடு போட முடியாது என்று அவளே கண்டுபிடித்து, மறுநாள் வேறு வழிக்குப் போனாள். தொட்டியைச் சுற்றிக் கயிறு பிடித்து ஒரு பெரிய வட்டம் போட்டாள். காலையில் நிழல் நீளமாக இருக்கும், சுருங்கிக்கொண்டே வந்து அதன் நுனி வட்டத்தைத் தொடும். அங்கே ஒரு கரிப்புள்ளி. சாயங்காலம் நிழல் மறுபக்கம் நீண்டுகொண்டே போய் மறுபடி வட்டத்தைத் தொடும். அங்கே ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குக் குறுக்கே செங்குத்தாகக் கோடு போட்டால் வடக்கு தெற்கு. “வெயில்ல காய்ஞ்சு கருவாடாயிட்டா இவளை எவன் கட்டிப்பான்?” என்று அம்மா கீழேயிருந்து கத்துவாள். பெரியம்மாவின் தையல் மெஷின் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

அவள் மூக்கை உடைக்க நினைத்து நான் காம்பஸை எடுத்துக்கொண்டு மேலே போனேன். தொட்டியை நகர்த்திவிட்டு அவளுடைய வட்டத்தின் நடுவிலேயே வைத்து, முள் நின்ற பக்கமாகச் சாக்பீஸால் ஆறடிக்கு ஒரு கோடு இழுத்தேன். அவளுடைய கரிக்கோடும் என் வெள்ளைக்கோடும் ஒரே இடத்தில் கிளம்பி, போகப் போக விலகி, கடைசியில் மூன்று விரற்கடை இடைவெளியில் நின்றன. இரும்பு பக்கத்தில் இருந்தால் முள் பிசகும் என்பார்கள். எங்களுடையது பழைய மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். இரும்பு ஒரு குண்டூசி அளவுகூட இல்லை.

“உன் குச்சி கோணல்” என்றேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. குச்சியைப் பிடுங்கி மறுபடி நட்டு, நூலும் கல்லும் வைத்துப் பார்த்து, அடுத்த இரண்டு நாளும் புதிதாக வட்டம் போட்டாள். அதே கோடுதான் வந்தது. “என் கோடு மாறவே மாட்டேங்குது. உன் முள்ளு ஏன்டி அப்படி நிக்குது? அதுக்கு ஏதோ காரணம் இருக்கணும்” என்றாள். யார் சரி என்று அவள் கேட்கவே இல்லை பாருங்கள். ஏன் என்று கேட்டாள். காம்பஸ் என்னுடையது, அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அதற்கும் சேர்த்து அவள்மேல் எரிந்தது.

காம்பஸ் டப்பாவில் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. பொடி எழுத்தில் இங்கிலீஷ். அன்று சாயங்காலம் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். முள் காட்டுவது உண்மையான வடக்கு அல்ல, உங்கள் ஊருக்கு எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துகொண்டு அதைக் கழித்துக்கொள்ளவும் என்று போட்டிருந்தது. பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதும். அக்கா சரி.

வெந்நீர் பாய்லரில் அம்மா அப்போதுதான் கரி போட்டிருந்தாள். தாளைச் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டேன்.

இதற்குப் பதினைந்து நாள் கழித்துத்தான் தோட்டத்தைப் பிரிக்கும் பேச்சு வந்தது. தாத்தா பாகப்பிரிவினையை எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். வீட்டுக்குள் கூடத்துச் சுவர் எல்லை. தோட்டத்துக்கு, கிணற்றடிக் கல்லிலிருந்து நேர் வடக்கே பின்மதில் வரை ஒரு கோடு. மேற்கே பெரியவனுக்கு, கிழக்கே சின்னவனுக்கு, கிணறு பொது. சண்டை ஒன்றும் இல்லை. “தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற, ஒரு சுவரு இருந்தா நல்லதுதான்” என்று அம்மாதான் ஆரம்பித்தாள்.

பின்கதவு பெரியப்பா பக்கம் வரும் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். தாத்தாவும் அதை நினைத்துத்தான் எழுதியிருப்பார். ஏனென்றால் அந்தக் கதவு பெரியம்மாவுக்கு வேண்டும். பெரியம்மா அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மேற்பார்வை. தன் பெண்டாட்டி கூலிக்குத் தைக்கிறாள் என்பது தெருவுக்குத் தெரியக் கூடாது அவருக்கு. அதனால் தைக்கக் கொடுப்பவர்கள் பின்சந்து வழியாக வந்து அந்தக் கதவைத் தட்டுவார்கள். தையலில் வருவதை அக்காவின் காலேஜுக்கென்று பெரியம்மா தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இது எனக்கும் தெரியும். அக்கா காலேஜ் போவாள், கணக்கு எடுப்பாள் என்பதுதான் வீட்டில் பேச்சு. என் காலேஜைப் பற்றி யாரும் பேசியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொத்தனார் வந்தார். அப்பா என்னைக் கூப்பிட்டார். “கண்ணு, உன் காம்பஸைக் கொண்டா.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா என்னிடம் ஒன்று கேட்கிறார், அதுவும் எல்லார் முன்னாலும்! ஓடிப் போய் எடுத்துவந்து கொடுத்தேன்.

அப்பா என்ன செய்தார் என்பதை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். கிணற்று ராட்டினத்தைக் கழற்றச் சொன்னார், இரும்பு வாளியை வாசலுக்கு அனுப்பினார். கொத்தனாரிடம், “கடப்பாரையை அங்கே தூரக் கொண்டு வைப்பா” என்றார். பிறகு கல்லின்மேல் காம்பஸை வைத்து, முள் அடங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மூன்று தடவை பார்த்தார்.

அதே கல்லிலிருந்து சிமெண்டுத் தரையில் ஏற்கெனவே ஒரு கரிக்கோடு இருந்தது. முந்தின நாள் அக்கா பூந்தொட்டியைக் கீழே தூக்கிவந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்திருந்து போட்டது. கொத்தனார் நூலைப் பிடித்துக்கொண்டு மதில் வரை நடந்தார். ஒரு தடவை முள்ளுக்கு நேராக, ஒரு தடவை கரிக்கோட்டுக்கு நேராக. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“இன்னா சார் இது? பாப்பா போட்ட கோட்டுல புடிச்சா கதவு அந்தாண்ட போயிருது. முள்ளுல புடிச்சா முழுசா இந்தாண்ட வந்துடுது. நாலடி வித்தியாசம் கீது. எதுல சார் அஸ்திவாரம் எடுக்கறது?”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பெரியம்மா மெஷினை விட்டு எழுந்து வந்து கொல்லைப்படியில் நின்றாள்.

அக்காதான் பேசினாள். “சித்தப்பா, முள்ளு சரியா நிக்கலை. மாடியில நாலு நாள் போட்டுப் பார்த்திருக்கேன். நீங்க வந்து பாருங்க. என் கோடுதான் சூரியனோட சேருது.”

அப்பா அவளைப் பார்க்காமல் சொன்னார்: “நிழல் நகர்ந்துக்கிட்டே இருக்கும்மா. முள்ளு நகராது.”

எவ்வளவு நன்றாக இருக்கிறது கேட்பதற்கு! எல்லாரும் தலையாட்டினார்கள். கொத்தனார்கூட ஆட்டினார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“நீ சொல்லுடி. நீயும்தானே பார்த்தே. ஒவ்வொரு நாளும் அதே கோடுதானே வந்துச்சு?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். அவர் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்கு அன்று படிக்கத் தெரியவில்லை. நான் சொல்வதற்காக அப்பா காத்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

“அவ குச்சி கோணல்ப்பா” என்றேன்.

“பொய் சொல்றா! சித்தப்பா, இவ பொய் சொல்றா!” என்று அக்கா கத்தினாள். பெரியப்பா நாலு எட்டில் வந்து அவள் கன்னத்தில் ஓர் அறை வைத்தார். “பெரியவங்க நிக்கிறப்போ என்னடி சத்தம்? தம்பி கருவி வெச்சுப் பார்க்கிறான். நாலடிக்காக அண்ணன் பொண்ணை விட்டுச் சண்டை போடறான்னு ஊர் சொல்லணுமா?” பிறகு கொத்தனாரிடம், “முள்ளு காட்டறபடியே எடுப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெரிய மனுஷத்தனம் என்று அவர் நினைத்துக்கொண்டார். மகள் சொன்னதை மாடியேறி ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம்.

சுவர் நாலே நாளில் எழும்பிவிட்டது. ஈரச் சிமெண்டு வாசனை ஒரு வாரம் வீடு முழுக்க இருந்தது. பின்கதவு எங்களுடையது. ஜாக்கெட் துணியோடு வந்து தட்டியவர்களிடம் அம்மா, “அவங்க வீட்டுக்கு முன்பக்கமாப் போங்க” என்றாள். முன்பக்கம் பெரியப்பா விடவில்லை. எங்கள் வழியாக வர பெரியம்மா கேட்கவில்லை, அம்மா கொடுக்கவில்லை. ஆடிக்குள் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டார்கள். அந்தக் கடகடச் சத்தம் இல்லாத மத்தியானங்கள் எனக்குப் பழக ரொம்ப நாளாயிற்று.

அக்கா எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் வாங்கியதை நான் இங்கே எழுத மாட்டேன், எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. பிறகு லஸ் பக்கம் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு தி. நகரில் ஒரு ஆபீசில் சேர்ந்தாள். நான் காலேஜ் போனேன். கணக்கே எடுத்தேன். சுமாராகத்தான் வந்தது. காம்பஸ் எங்கே போயிற்று என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அதைத் தேடவே இல்லை.

அப்பா எண்பது வயது வரை இருந்தார். அவர் போன பிறகு, என் அடையாறு வீட்டுப் பரணில் இருந்த அவருடைய தகரக் குழாயைத் திறந்தேன். உள்ளே அவர் வரைந்த பழைய நிலப்படங்கள், டிரேசிங் துணியில். ஒவ்வொன்றின் ஓரத்திலும் இரண்டு அம்புகள். ஒன்றின் தலையில் நட்சத்திரம், இன்னொன்றுக்குப் பாதித் தலை. இரண்டுக்கும் நடுவில், அவருடைய அழகான பொடிக் கையெழுத்தில், எத்தனை டிகிரி வித்தியாசம் என்று எழுதியிருந்தது. நட்சத்திரம் போட்டது உண்மையான வடக்கு, மற்றது முள் வடக்கு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை வரைந்த கை அது. கடப்பாரையைத் தள்ளி வைக்கச் சொன்ன மனுஷருக்கு இது தெரியாதா?

எனக்குக் கோபம் வரவில்லை. புரிந்தது. பெரியப்பா போட்டுக் கிழிந்த சட்டைகளைத்தான் அப்பா காலேஜ் வரை போட்டுக்கொண்டார். தாத்தா பெரியப்பாவைப் ‘பெரியவரே’ என்று கூப்பிடுவார், அப்பாவை ‘டேய்’. வீட்டில் வயிறெரிந்துகொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அப்பாவும் நானும் ஒரே பொய்யை ஒரே நிமிஷத்தில் சொல்லியிருக்கிறோம். அக்காவுக்கு இதில் பங்கில்லை. இது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் உள்ளது. இத்தனை வருஷம் அதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் போனை நீட்டியதற்கு மறுநாள் ஆட்டோ பிடித்து அபிராமபுரம் போனேன். அக்கா அங்கே மகன் வீட்டில் இருக்கிறாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முடியெல்லாம் வெளுத்தும் அந்தப் பின்னல் இன்னும் இடுப்பைத் தொடுகிறது. அநியாயம்.

வளைக்காமல் சொல்லிவிட்டேன். “அக்கா, அந்தச் சுவரு. நீ போட்ட கோடுதான் சரின்னு எனக்கு அப்பவே தெரியும். மாமா குடுத்த தாள்ல போட்டிருந்துச்சு. படிச்சுட்டுப் பாய்லர்ல போட்டுட்டேன்.”

“ம்” என்றாள். கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

“நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கதவு உங்க பக்கம் இருந்திருக்கும். நீ காலேஜ் போயிருப்பே.”

“போயிருப்பேன்.”

பரவாயில்லை விடு என்பாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. “நீ காலேஜ் போற பஸ் எங்க ஆபீஸ் வாசல்லதான் நிக்கும். ஜன்னல்ல உன் தலை தெரியும். பார்க்கக் கூடாதுன்னு டைப் அடிச்சுக்கிட்டே இருப்பேன். தப்புத் தப்பா வரும்” என்றாள். அவ்வளவுதான் அவள் திட்டியது.

சரி, கையில் மிச்சமிருந்ததையும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். “ஒண்ணு சொன்னா நம்ப மாட்டே. அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கு.”

“தெரியுமே.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “அன்னிக்குச் சாயங்காலமே சித்தப்பா சொன்னாரு. நான் மாடியில ஈரத்துணியை வெச்சுக் கோட்டை அழிச்சிட்டிருந்தேன். வந்து பக்கத்துல உட்கார்ந்தாரு. ‘அழிக்காதம்மா, நீ போட்டதுதான் சரி. எனக்குத் தெரியும்’னாரு. அப்புறம் ஏன் சித்தப்பான்னு கேட்டேன். அழுதாரு. நான் அவரு அழுது பார்த்தது அன்னிக்குத்தான். எங்கப்பாகிட்ட சொல்லாதேன்னாரு. சொல்லலை.”

அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. அம்மா போனபோதுகூட அழவில்லை. “என்கிட்ட ஏன் சொல்லலை அவரு?” என்று கேட்டேன். எழுபது தாண்டிய கிழவி, குரல் பன்னிரண்டு வயசுக்காரிபோல வந்தது.

“உன்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. ‘அவ என்னை நம்பிட்டிருக்கா’ன்னாரு.”

பூங்காவில் உங்களோடு நடக்கும்போது யாராவது இதைச் சொல்லியிருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல அப்பா என்று சொல்லியிருப்பேன். அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. பொய்யை நான் அவருக்காகச் சொன்னேன். உண்மையை அவர் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

“இத்தனை வருஷம் நீயாவது சொல்லியிருக்கலாமே அக்கா.”

அவள் மறுபடி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “சொன்னா நீ பொறாமைப்படுவேன்னுதான் சொல்லலை” என்றாள்.

கீரையை ஆய உதவலாம் என்று கையை நீட்டினேன். பொறாமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.